ஒரு எண்ணுக்கு ஒரு வரி

ஆர்விட் கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம், சமையலறை இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டதுதான். 1977 மே 20, வெள்ளிக்கிழமை காலை. நான் அடுப்பில் முட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"கோர்ட்ல எந்தக் கதவு ஆடுது?" என்றேன்.

"கதவு இல்ல, மாவிஸ். ஹால்வர்சன்."

ஹால்வர்சன் ஒரு நீதிபதி. அவர் செத்துப் பத்து வாரம் ஆகியிருந்தது. செத்த நீதிபதிக்கு எதற்குத் திருப்புளி என்று நான் கேட்டிருக்க வேண்டும். முட்டை கருகிவிடுமோ என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டேகால் மணிக்கு, நீதிமன்றத்தின் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில், படியில் உட்கார்ந்த என் கணவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். அதற்கு முந்தின நாள்தான் ஒரு நீதிபதி அவரைப் பொய்யர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதை யாரும் காரணமாகச் சொல்லவில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 1978 மே 16 காலை, அதே சமையலறையில் வெர்டா ஸ்டோக்ஸ் உட்கார்ந்திருந்தாள். அந்த நீதிமன்றத்தில் முப்பது வருடம் சுருக்கெழுத்து யந்திரம் அடித்தவள். ஓய்வு பெற்றபின் காப்பீட்டு நிறுவனங்களுக்காகத் துப்பறிகிறாள். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லுவாள். அதனால் அவளுக்கு நண்பர்கள் குறைவு. நான் அவளுக்குக் காரோட்டி, அறிக்கைகளை டைப் அடிக்கிறவள், கூடவே வாயாடி. சம்பளம் கிடையாது. என் கணவரின் வழக்கை எடுக்க அவளும் என்னிடம் காசு கேட்கவில்லை.

"அந்தக் கட்டடத்துல சொன்ன பொய் எல்லாத்தையும் நான்தான் டைப் அடிச்சேன். ஒண்ணையாவது அழிச்சிட்டுச் சாகணும்," என்றாள்.

"அதுக்கு உனக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு. சாகறதுக்கு எவ்வளவு இருக்குன்னு தெரியல."

அவள் சிரிக்கவில்லை. மேசையில் காகிதங்களைப் பரப்பினாள்.

விஷயம் இவ்வளவுதான். ப்ரைஸ் கல்ச் ஊரில் ஈயம் உருக்கும் ஆலை. அதன் புகையால் முப்பத்தொரு பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டது. குடும்பங்கள் எங்கள் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தன. வழக்குப் போடக் கடைசி நாள் 1977 மார்ச் 9. வழக்கறிஞர் அலுவலகத்துப் பெண் பனிப்புயலில் நூற்றிருபது மைல் காரோட்டி வந்து, அன்று ஐந்து மணிக்குச் சற்று முன்னால் மனுவைக் கவுன்ட்டரில் கொடுத்தாள். கவுன்ட்டரில் இருந்தவர் துணை எழுத்தர் ஆர்விட் லிண்ட். சாலையை மூடுவதற்குள் திரும்ப வேண்டுமென்று அவள் முத்திரை குத்திய பிரதிக்குக்கூட நிற்கவில்லை.

ஆனால் கோப்பில் இருந்த மனுவில் முத்திரை மார்ச் 10 என்றது. ஒரு நாள் தாமதம். மனு காலையில் கதவடியில் கிடந்தது, நானே எடுத்தேன் என்று தலைமை எழுத்தர் ரோலண்ட் பீஸ்லி பிரமாணப் பத்திரம் கொடுத்தார். ஒன்பதாம் தேதியே முத்திரை குத்தினேன் என்று ஆர்விட் இன்னொன்று கொடுத்தார். நீதிபதி ட்ரெமெய்ன் யாரையும் கூப்பிட்டுக்கூடக் கேட்காமல், பீஸ்லியின் தாளை நம்பி வழக்கைத் தள்ளினார். அந்தத் தீர்ப்பைத் திறக்க ஒரு வருடம்தான் கெடு. வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. என் கணவர் பொய் சொல்லவில்லை என்று அதே கட்டடத்தைச் சொல்ல வைக்க எனக்கு இருந்த நாள்களும் அவைதான்.

"பீஸ்லி மேல எனக்குச் சந்தேகம் இல்ல," என்றேன். "சவப்பெட்டியத் தூக்கின மனுஷன். ஆலைக்காரன் காசு குடுத்து ராத்திரி எவனையோ உள்ள விட்டிருக்கான். முத்திரை விழுந்த மனுவை எடுத்துட்டு, வேற பிரதியக் கதவடியில போட்டிருக்கான். ட்ரெமெய்னுக்குத் தெரியாம நடந்திருக்காது. கழுத்துல டை கட்டின கழுகு அது."

"ஆத்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வை. ஆஸ்பத்திரியில அவர் சாமான்னு என்ன குடுத்தாங்க?"

"சாவிக்கொத்து, பர்ஸ், சீப்பு, ஸ்க்ரூ டிரைவர்."

வெர்டா தலை நிமிர்ந்தாள். "எழுத்தருக்கு எதுக்கு ஸ்க்ரூ டிரைவர்?"

ஒரு வருடமாக அதை வைத்து நான் வாணலிக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. ஆர்விட் சொன்ன பெயரை இப்போது சொன்னேன். வெர்டா கோட்டை மாட்டிக்கொண்டு, தன் சுருக்கெழுத்து யந்திரத்தின் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கோ. செத்தவர் எதைக் கழட்டப் போனாரோ அதை நாம கழட்டுவோம்."

எழுத்தர் அலுவலகத்தில் பீஸ்லி எழுந்து நின்று வரவேற்றார். சிவந்த முகம், வகிடெடுத்த நரைமுடி, பெப்பர்மின்ட் மிட்டாய் டப்பா. எனக்கு ஒன்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"எப்படி இருக்கீங்க, மிஸஸ் லிண்ட்? தோட்டத்துல லைலாக் பூத்திருக்கா?"

"பூத்திருக்கு. வீட்டுல ஆள் இல்லேன்னு தெரிய அதுக்கு விவரம் பத்தாது."

வெர்டா மூலையில் இருந்த மர உருளையைக் காட்டினாள். எங்கள் நீதிமன்றத்தில் எந்த வழக்கு எந்த நீதிபதிக்கு என்பதை அந்த உருளையைச் சுற்றிச் சீட்டெடுத்துத்தான் முடிவு செய்வார்கள். சீட்டில் நீதிபதியின் பெயர் இருக்கும். மார்ச் 9 அன்று உருளையில் இரண்டே பெயர்: ஹால்வர்சன், ட்ரெமெய்ன்.

"இதுல எங்கயாவது திருகாணி இருக்கா, ரோலண்ட்?"

"இல்லியே. பூட்டுதான். ஒரு சாவி என்கிட்ட, ஒண்ணு துணை எழுத்தர்கிட்ட. ஏன்?"

"ஹால்வர்சன் செத்த அன்னைக்கு அவர் சீட்டுகளை எடுத்தது யாரு?"

"நான்தான். ஒன்பதாம் தேதி ராத்திரிச் சாப்பாட்டு மேசையிலேயே போயிட்டார் பாவம். பத்தாம் தேதி காலையில அவர் சம்சாரம் போன் பண்ணினாங்க. ஆர்விட்டை அவங்க வீட்டுக்கு அனுப்பினேன், கோர்ட் காகிதம் எல்லாம் எடுத்துட்டு வர. திரும்பி வர மத்தியானம் ஆயிடுச்சு. எட்டரை மணிக்குக் கோட்டைக்கூடக் கழட்டாம நானே சீட்டுகளை எடுத்தேன்."

"இந்த ப்ரைஸ் கல்ச் வழக்கு, 211, அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு?"

"அன்னைக்கு முதல் வழக்கே அதுதான். ட்ரெமெய்னுக்கு விழுந்துச்சு." அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். மணிமணியான கையெழுத்து, பக்கம் பக்கமாக. ஒரு அடித்தல் இல்லை, ஒரு இடைச்செருகல் இல்லை. 211, மார்ச் 10, ட்ரெமெய்ன்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: "உருளையில திருகாணி இல்ல. பதிவேட்டுல கறை இல்ல. இந்த ஆளு மேல ஒரு குத்தம்கூட இல்ல. எனக்கே எரிச்சலா இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள் வெர்டா. "ஆர்விட் எந்தப் படியில உட்கார்ந்தார்?"

அந்தப் படியை நான் ஒரு வருடமாகத் தவிர்த்து வந்திருந்தேன். அன்று மிதித்தேன். மூன்றாம் தளத்தில் விசாரணைக் கூடம் ஒன்று, அது பூட்டிக் கிடந்தது. மற்றபடி ஒரு நீண்ட நடை. சுவர் நெடுக நீதிபதிகளின் படங்கள். துப்புரவுப் பணியாளர் டெல்மர் துடைப்பத்தோடு நின்றிருந்தார். ஆர்விட்டைப் படியில் முதலில் பார்த்தவர் அவர்தான். என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"இங்க ஸ்க்ரூ டிரைவர் எதுக்கு வேணும், டெல்மர்?" என்றாள் வெர்டா.

"படத்துக்கு. நாப்பத்தெட்டுல ஒரு வக்கீல் தோத்த கோபத்துல நாலாவது நீதிபதியத் தூக்கிட்டுப் போய் ஆத்துல போட்டான். அப்போ இருந்து எல்லாரையும் சுவத்தோட முடுக்கி வச்சிருக்கு."

"பாவம் ஆறு," என்றேன்.

1891 முதல் பதினொரு பேர். எல்லாருக்கும் ஆயுள் பதவி. முதலாமவர் மதுக்கடையின் மாடியில் நீதிமன்றம் நடத்தியவர். மரத் திருட்டு வழக்கொன்றின் நடுவிலேயே இறந்தார். மூன்றாமவர் இருபத்தொன்பது வருடம் இருந்தார், கடைசி ஒன்பது வருடம் காது கேட்காமல். ஐந்தாமவர் ஆலையில் பங்கு வைத்துக்கொண்டே ஆலை வழக்குகளை விசாரித்தவர். அவர் படத்துக்குத்தான் பெரிய சட்டம். கடைசியில் பத்தாவதாக ஹால்வர்சன், பதினொன்றாவதாக ட்ரெமெய்ன். பத்துப் படங்களில் பிறப்பு இறப்பு ஆண்டு பொறித்த பித்தளைத் தகடு இருந்தது. ட்ரெமெய்னுக்கு இன்னும் இல்லை. எனக்கு அது குறையாகப் பட்டது.

"ஆர்விட் ஹால்வர்சன் படத்தைக் கழட்டி நீங்க பார்த்திருக்கீங்களா?" என்றாள் வெர்டா டெல்மரிடம்.

"ஒரே ஒரு தடவை. ஹால்வர்சன் செத்த சேதி வந்த காலையில, அவர் வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி. ஏணியப் பிடிச்சது நான்தான். அவங்களுக்குள்ள ஒரு வழக்கம் மேடம். நீதிபதி செத்துட்டா, சீட்டெடுக்கிற துணை எழுத்தர் படத்தைக் கழட்டி, பின்னாடி பென்சில்ல ஏதோ எழுதுவாரு. அப்புறம் தகடு போட ஃப்ரேம் கடைக்குப் போகும். கடைக்காரர் பின்பக்கம் தாளை ஒட்டி மூடிடுவார்."

"என்ன எழுதுவாங்க?"

"நான் படிச்சதில்ல. துணை எழுத்தர் அடுத்த துணை எழுத்தருக்குச் சொல்லிக் குடுக்கிறது. பெரியவங்களுக்கு இது தெரியாது. அவங்க முன்பக்கம்தானே பார்ப்பாங்க."

வெர்டா சுவர் ஓரமாகவே நடந்து போய்த் திரும்பி வந்தாள். நான் திருப்புளியை ஹால்வர்சனின் முதல் திருகாணியில் வைத்துவிட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நாம திறந்தா, நாமளே எழுதிட்டோம்னு சொல்லுவாங்க. கீழ போய்ப் பீஸ்லியக் கூட்டிட்டு வா."

"அவர் எதுக்கு?"

"அவர்தானே நல்லவர்."

பீஸ்லி வந்தார். என் கணவர் கடைசியாக ஏறி வந்தது இந்தப் படத்தைப் பார்க்கத்தான், எனக்கும் பார்க்க வேண்டும் என்றேன். அவர் கண் கலங்கியது. தாராளமாக என்றார். டெல்மர் படத்தைக் கழற்றி ஜன்னல் மேடையில் குப்புற வைத்தார். பழுப்புத் தாள், நான்கு ஓரமும் ஒட்டி, கடைக்காரரின் ரப்பர் முத்திரை: மார்ச் 11, 1977. வெர்டா தன் மடக்குக்கால் யந்திரத்தை விரித்து அதன் முன் உட்கார்ந்தாள்.

"பழைய பழக்கம் விடல பாரு," என்று பீஸ்லி சிரித்தார்.

"நான் நோட்டரியும்கூட. தாள் கிழியாம இருக்குன்னு பார்த்துச் சொல்லிடுங்க, ரோலண்ட். அப்புறம் நீங்களே அறுங்க."

"கிழியாம இருக்கு." பேனாக்கத்தியை எடுத்துத் தாளின் மூன்று பக்கத்தை நேர்கோடாக அறுத்தார். எதையும் ஒழுங்காகச் செய்கிற கை.

உள்ளே பலகையில் என் கணவரின் பென்சில் எழுத்து. அந்த எழுத்தில்தான் எங்கள் வீட்டு மளிகைச் சீட்டு இருபத்தாறு வருடம் எழுதப்பட்டது.

*பதவியேற்பு: 1954 அக்டோபர் 4. முதல் வழக்கு: 1502/1954. கடைசியாக விழுந்த வழக்கு: 211/1977, மார்ச் 9, மாலை 4.52. ஆ. லி.*

வெர்டா அந்த வரிகளை யந்திரத்தில் அடித்து முடித்தாள்.

"211 பத்தாம் தேதி வந்த வழக்குன்னா," என்றாள் வெர்டா, "முந்தின ராத்திரியே செத்தவருக்கு எப்படிச் சீட்டு விழும்? அவர் சீட்டுகளை எட்டரைக்கே எடுத்துட்டீங்க. நீங்களே சொன்னீங்க. பதினொண்ணாம் தேதி இந்தத் தாளை ஒட்டியாச்சு. வழக்கு தாமதம்னு ஆலை வக்கீல் கிளப்பினது மே மாசம். ரெண்டு மாசம் முன்னாடியே ஆர்விட் பொய்யைத் தயார் பண்ணி வச்சிருந்தாரா?"

நான் இன்னும் ராத்திரி வந்த எவனையோதான் நினைத்துக்கொண்டிருந்தேன். "மிஸ்டர் பீஸ்லி, அப்போ உங்களையும் எவனோ ஏமாத்திட்டான்," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார்.

"இப்படி ஒரு வழக்கம் இருக்கறது எனக்குத் தெரியாது," என்றார். "முப்பத்தொரு வருஷம். யாரும் சொல்லல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாயிலிருந்த மிட்டாயைக் கைக்குட்டையில் துப்பினேன்.

"ஆலைக்காரன் எவ்வளவு குடுத்தான்?"

"யாரும் எதுவும் குடுக்கல, மிஸஸ் லிண்ட். சத்தியமா. அன்னைக்குக் காலையில ஆர்விட் மேசையில மனு இருந்துச்சு. முத்திரை ஒன்பது. சீட்டு ஹால்வர்சன். இன்னும் பதிவேட்டுல ஏத்தல. நான் ஏத்தினா, 211, ஹால்வர்சன். அதுக்குக் கீழ, மாத்தல் உத்தரவு, ட்ரெமெய்ன். ஒரே எண்ணுக்கு ரெண்டு வரி வரும்." அவர் குரல் தாழ்ந்தது. "என் பதிவேட்டுல ஒரு எண்ணுக்கு ஒரு வரிதான். நீதிபதி பார்க்காத வழக்குதானே, புதுசா வந்த மாதிரி வச்சுக்கலாம்னு... முத்திரை விழாத பிரதி ஒண்ணு கட்டுல இருந்துச்சு. பழையதை எடுத்துட்டு, அதுல அன்னைக்குத் தேதியக் குத்தினேன். ட்ரெமெய்னுக்கு ஏத்தினேன். மனுவைப் படிக்கல. கடைசி நாள்னு தெரியாது."

"மே மாசம் தெரிஞ்சுதே."

"தெரிஞ்சுது."

"அப்போ கதவடின்னு ஒரு கதை எழுதிச் சத்தியம் பண்ணினீங்க."

"இந்த ஆகஸ்ட்ல எனக்கு ஓய்வு. ஆர்விட்டுக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாது, கவனக்குறைவுன்னு ஒரு சொல்லோட போயிடும்னு நினைச்சேன். தீர்ப்பு வந்த அடுத்த நாளே அவர் போயிட்டார். அப்புறம் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"எனக்கு," என்றேன். "பாத்திரம் நிறைய சூப் கொண்டு வந்தீங்களே, அந்த வாசல்ல நின்னுட்டுச் சொல்லியிருக்கலாம். பெட்டியத் தோள்ல வச்சப்போ சொல்லியிருக்கலாம். கனமா இருந்துச்சா?"

அவர் பேனாக்கத்தியை மடக்கினார்.

நான் ஒரு வருடம் ஆலை முதலாளிகளையும் ட்ரெமெய்னையும் கனவில் கொன்றவள். யாராவது பெரிய அளவில் கெட்டவனாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு தேவை இருந்திருக்கிறது. காசுக்காக, பதவிக்காக, வேறு எதற்காகவாவது. முப்பத்தொரு பிள்ளைகளின் நியாயமும் என் கணவரின் உயிரும் பதிவேட்டில் ஒரு பக்கத்தின் அழகுக்காகப் போயின என்பதை என்ன செய்வது? ஆலைக்காரனைக்கூட ஒருவேளை ஒருநாள் மன்னிக்கலாம். இந்த மனிதரின் கையெழுத்தை என்னால் மன்னிக்க முடியாது.

வெர்டா யந்திரத்திலிருந்து தாள் நாடாவை எடுத்து, அவர் சொன்னதை முழுதும் நிதானமாகப் படித்தாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அவர் கழுத்து சிவந்துகொண்டே போனது.

"டைப் அடிச்சுத் தரேன். கையெழுத்துப் போடுங்க, ரோலண்ட்."

"நான் ஒரு வக்கீல்கிட்டப் பேசணும்."

"பேசுங்க," என்றேன் நான். "வெள்ளிக்கிழமைக்குள்ள பேசி முடிங்க. போடலேன்னாலும் இந்தப் பலகை நீதிபதிகிட்டப் போகும். டெல்மர் சாட்சி சொல்வார். அப்போ நீங்க குடுத்த பிரமாணப் பத்திரத்தைக் குறுக்கால அடிப்பாங்க, மிஸ்டர் பீஸ்லி. கோர்ட் கோப்புல, உங்க பேருக்கு மேல, கோணல்மாணலா, எவனோ ஒருத்தன் கையால. நீங்களே போட்டா, சுத்தமா உங்க கையால திருத்தினதா இருக்கும்."

டெல்மர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "நான் சொல்வேன்," என்றார்.

பீஸ்லி குப்புறக் கிடந்த படத்தை ஜன்னல் மேடையின் விளிம்புக்கு நேராக நகர்த்தி வைத்தார். பிறகு, "என் ரூம்ல நல்ல டைப்ரைட்டர் இருக்கு. அதுல அடிங்க," என்றார்.

நான்தான் அடித்தேன். அவர் இரண்டு முறை படித்தார். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. அதை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எழுத்து நடுங்கவில்லை. அந்த நடுங்காத எழுத்தைப் பார்த்தபோது மேசையிலிருந்த மைக்கூட்டை எடுத்து அந்தப் பதிவேட்டின் மேல் கவிழ்க்க என் கை போனது. வெர்டா என் கையையும் பிடித்தாள், மைக்கூட்டையும் நகர்த்தி வைத்தாள்.

"அது நமக்குச் சாட்சி," என்றாள்.

"எனக்குத் தெரியும். அதனாலதான் இன்னும் நிக்கிறேன்."

படமும் பத்திரமும் வியாழக்கிழமை குடும்பங்களின் வழக்கறிஞர் வழியாக உள்ளே போயின. ட்ரெமெய்ன் தன் தீர்ப்பைத் தானே ரத்து செய்தார். உத்தரவு இரண்டு வரி; அதில் ஆர்விட்டின் பெயர் இல்லை. வழக்கை வெளி மாவட்ட நீதிபதி ஒருவர் எடுத்துக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து ஆலை இறங்கி வந்து, பிள்ளைகளின் வைத்தியத்துக்குக் கடைசிவரை பொறுப்பேற்றது. பீஸ்லி மீது நடவடிக்கை எடுக்கவில்லை. வயதைக் கருதி என்றார்கள். ஆர்விட்டின் வயது ஐம்பத்திரண்டு.

அந்த மே 19 தீர்ப்பு அதற்குள் அச்சாகி, தடித்த அட்டை போட்ட சட்டத் தொகுப்பில் சேர்ந்திருந்தது. அதை ரத்து செய்த உத்தரவு மூன்று தொகுதி தள்ளி வேறோர் இடத்தில் இருக்கிறது. முதல் தொகுதியைத் திருத்தி மறுபடி அச்சிடச் சொல்லிப் பதிப்பகத்துக்கு எழுதினேன். அப்படிச் செய்வதில்லை என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள். எங்கள் ஊர் நூலகத்தில் அது கீழ்த்தட்டில் இருக்கிறது. 208-ம் பக்கம், இடது பத்தி, கீழிருந்து நான்காவது வரி: "துணை எழுத்தர் லிண்டின் கூற்றை இந்த நீதிமன்றம் நம்பவில்லை."